பக்கத்தில் இடம்

“இன்னாது, வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டாங்களா?”

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். முன்சீட்டில் இருந்த அம்மா கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது மூன்று பேர் சீட். அவர் ஜன்னலோரம், பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் எஸ்தர் என்ற பெண்.

“ஆமாக்கா. சக்கர ஏறிகினே போச்சு, முட்டி ரெண்டும் போச்சு. ஒடம்பு எளைக்கணும்னா ஆபரேஷன்தான்னாரு டாக்டரு. எங்க வூட்டுக்காரரு வேணான்னு ஒரே அழுவ. நான்தான் தைரியமா ஒத்துகினேன்.”

“பசிக்காதாடி?”

“நாலு வாய்க்கு மேல எறங்காதுக்கா. அவசரமா முழுங்குனா வாந்திதான். போன வாரம் ஒரு கல்யாணத்துல மென்னுகினே கீறேன், பந்தியே எய்ந்து போயிடுச்சு. அடுத்த பந்திக்காரங்க என் சேரப் புடிச்சிகினு பின்னாலயே நிக்கிறாங்க.”

“பேஜாருடி! ஆசையா சாப்புட முடியல, இதெல்லாம் ஒரு பொழப்பா?”

எஸ்தர் பதில் சொல்வதற்குள் திருக்கழுக்குன்றம் வந்து, கூட்டம் ஏறியது. கண்டக்டர் எஸ்தரைப் பார்த்துக் கத்தினார்.

“யம்மா, அதான் பக்கத்துல எடம் கீதே! தள்ளிக் குந்து, அந்தம்மா ஒக்காரட்டும்.”

மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு வந்த அம்மா எஸ்தரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெரிசலில் கையைக்கூட அசைக்க முடியாத எஸ்தருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டியாக்கா? பதினஞ்சு வருசமா இந்த பஸ்ல வர்றேன். எம்பக்கத்துல எடம் கீதுன்னு இன்னிக்குத்தான் ஒருத்தன் சொல்றான்!”