ஐந்தாவது பேச்சாளரின் அப்பா

…அதைத்தான் சார் நானும் கேக்கறேன். பேச்சு மன்றத்துல சேர்ந்த பொண்ணு வீட்ல பேச்சையே நிறுத்திட்டா, அந்த மன்றத்துக்கு என்னன்னு பேரு வைக்கிறது? இல்ல இல்ல, கதவைத் திறந்துடாதீங்க. ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது யாரும் உள்ள போகக் கூடாது, ஒட்டியிருக்காங்க பாருங்க. கைதட்டுற சத்தம் கேட்டாத்தான் போகலாம். உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், பெஞ்சு ஆடும், இப்படி வாங்க. ஹெல்மெட்டைக் கீழ வைங்க.

உங்க பையன் எத்தனாவதாப் பேசறான்? ஆறாவதா. என் பொண்ணு அஞ்சாவது. இப்பதான் ரெண்டாவது பையன் கத்திட்டிருக்கான். அப்ப நமக்கு நிறைய நேரம் இருக்கு.

நான் ஏன் வெளிய உக்காந்திருக்கேன்னு கேக்கறீங்களா? கேக்கலையா. பரவாயில்ல, சொல்றேன். முதல்ல ஒரு பொண்ணு பேசுச்சு, சரி, ஏதோ பேசுச்சு. அடுத்தது இந்தப் பையன். வந்ததும் வராததுமா, 'உலகத்திலுள்ள அனைத்து அறிஞர்களும் ஒப்புக்கொண்ட உண்மை'ன்னு ஆரம்பிக்கிறான். அத்தனை அறிஞர்களும் எப்ப சார் ஒண்ணா உக்காந்து ஒப்புக்கிட்டாங்க? 'தப்பு'ன்னு சொன்னேன். மனசுக்குள்ள சொன்னதாத்தான் நினைச்சேன். ஹால் முழுக்கக் கேட்டிருக்கு. பையன் அப்படியே நின்னுட்டான். மன்றத்தைப் பார்த்துக்கிறாங்களே, அந்தக் கண்ணாடி டீச்சர், நேரா என் வரிசைக்கு வந்து, குனிஞ்சு, ரொம்ப மரியாதையா, 'உங்க பொண்ணு முறை வரும்போது உள்ள வாங்க, அது வரைக்கும் வெளிய இருங்க'ன்னாங்க. ஒண்ணாங்கிளாஸ் பையனை வாசல்ல நிறுத்துற மாதிரி. எனக்கு நாப்பத்தாறு வயசாகுது.

இந்த ஸ்கூல்ல மன்றம் மன்றம்னு ஒரு கூத்து நடக்குதே, உங்களுக்குத் தெரியாததா? புதன்கிழமை கடைசி ரெண்டு பீரியடும் மன்றம். மொத்தம் பதினாலு. எல்லாரும் ஏதாவது ஒண்ணுல சேர்ந்தே ஆகணும். தோட்ட மன்றம்னு ஒண்ணு. பதினெட்டுப் பசங்க, ஒரே ஒரு தொட்டிச் செடி. பதினெட்டு பேரும் முறை வச்சுத் தண்ணி ஊத்தி ரெண்டே வாரத்துல அதைக் கொன்னுட்டாங்க. செடி போச்சு, மன்றம் இருக்கு. அப்புறம் நட்சத்திரம் பார்க்கிற மன்றம். எப்ப கூடுறாங்க தெரியுமா? மத்தியானம் ரெண்டு மணிக்கு. எங்க மாடிவீட்டுப் பையன் முதலுதவி மன்றம். வீட்ல யாராவது அசந்து உக்காந்தா போதும், கால்ல கட்டு போட்டுடறான். அவங்கப்பா ஒருநாள் கழட்ட மறந்து கட்டோடயே ஆபீஸ் போயிட்டாரு. ரெண்டு நாள் லீவு கொடுத்து அனுப்பி வச்சுட்டாங்க. அந்த மன்றத்தால உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்.

கைதட்டுறாங்க. ரெண்டாவது முடிஞ்சுது. எங்க எழுந்துக்கறீங்க? உள்ள ஒரே புழுக்கம் சார், ஒரு ஃபேன்தான் சுத்துது, அதுவும் மேடைக்கு நேரா. மைக்ல ஏதோ சொல்றாங்க, அது சும்மா, அமைதியா இருங்க, போனை அணைச்சு வைங்கன்னு சொல்லுவாங்க. வாங்க, வந்து உக்காருங்க. என்ன? சொல்லுங்க. ஒரு நிமிஷம் இருங்க, இதை முடிச்சுடறேன், விட்டா மறந்துடும்.

எங்க விட்டேன்… ஆமா, சேர்க்கை. வருஷ ஆரம்பத்துல ஒரு பாரம் கொடுத்தனுப்புவாங்கல்ல, மூணு விருப்பம் எழுதி, கீழ அப்பாவோ அம்மாவோ கையெழுத்து. என் பொண்ணு எழுதினது நூலக மன்றம். ரெண்டாவது விருப்பமும் நூலக மன்றம். மூணாவதும் அதேதான். அங்க என்ன வேலைன்னு விசாரிச்சேன். புஸ்தகத்துக்கு அட்டை போடறது, முதுகுல நம்பர் ஒட்டறது. யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேணாம். என் பொண்ணு ரொம்ப அமைதி சார். ஒன்பதாவது படிக்கிறா, இன்னும் கடையில மிச்சம் கேக்க வெக்கப்படுவா. பஸ்ல இறங்கற இடம் வந்தா நிறுத்தச் சொல்ல மாட்டா, அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வருவா. என் பொண்ணு இப்படியான்னு எனக்கு ஆறலை. பேனாவை எடுத்து மூணையும் அடிச்சுட்டு, மேல பேச்சு மன்றம்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அவளுக்கு நல்லதுக்குத்தானே. அப்ப அவ ஒண்ணும் சொல்லல. எப்பவும் சொல்ல மாட்டா, அதனால எனக்குப் பெருசாத் தெரியல.

நான் எப்படி, அவ எப்படி? நான் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில இருக்கேன். வாங்கின பொருள் சரியில்லைன்னு திருப்பிக் கொடுக்க வருவாங்கல்ல, அந்தக் கவுண்டர். பதினஞ்சு வருஷமா அதே நாற்காலி. திரும்ப எடுத்துக்கிறதுதான் அந்தக் கவுண்டரோட வேலைன்னு ஜனங்க நினைச்சுட்டு வர்றாங்க. எடுத்துக்காம அனுப்பறதுதான் என் வேலை. ஒருத்தர் இஸ்திரிப்பெட்டியோட வந்தாரு, சூடே ஆகலைன்னு. பத்து நிமிஷம் பேசினேன். 'என் வீட்டுக் கரண்ட்டுலதான் ஏதோ கோளாறு'ன்னு அவரே சொல்லிட்டு, என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, பெட்டியைத் தூக்கிட்டுப் போனாரு. சும்மா சொல்லல சார், அதுல நான் கில்லாடி. எதிராளி மூச்சு விடுற இடத்துல உள்ள புகுந்துடணும். அவங்க மூணாவது காரணத்துக்குப் போகவே விடக் கூடாது. பொதுவா ஜனங்க உண்மையான காரணத்தை மூணாவதாத்தான் சொல்லுவாங்க.

இருங்க, மறுபடி கைதட்டறாங்க. இது மூணாவது. இன்னும் ஒண்ணு போகணும், அப்புறம் என் பொண்ணு. நீங்க போறீங்களா? சரி, கதவுகிட்ட வேணா நில்லுங்க, அங்க காத்து வரும். கேட்டுச்சா, இந்தப் பையன் மைக்கை முழுங்கற மாதிரி பேசினான், இங்க வரைக்கும் அதிருது. என்ன சார், எதையோ சொல்ல வர்றீங்க… விரலைக் காட்டறீங்க, மூணா, நாலா? நாலு நிமிஷமா? ஆமாமா, ஒருத்தருக்கு நாலு நிமிஷம்தான். அது எனக்குத் தெரியும்.

அந்த நாலு நிமிஷத்துலதான் வந்துச்சு வினை. தலைப்பு தெரியும்ல உங்களுக்கு? 'மன்றத்தில் சேர்வதைக் கட்டாயமாக்கலாமா?' என் பொண்ணு ஆக்கலாம்னு பேசறா. வீட்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில காகிதத்தை வச்சுக்கிட்டுத் தனியா முணுமுணுத்துட்டிருந்தா. சுவத்தைப் பார்த்துப் பேசினா பழக்கம் வருமா? எதிர்ல ஆள் வேணாமா? 'நான் எதிர்க்கட்சி, நீ பேசு'ன்னேன். வேணாம்ப்பான்னா. நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். முதல் பாயிண்ட்டு சொன்னா, ரெண்டே கேள்வியில மடக்கிட்டேன். ரெண்டாவது சொன்னா, அது ஒண்ணுமில்லாமப் போச்சு. எனக்குச் சூடு பிடிச்சிடுச்சு சார், கவுண்டர்ல உக்காந்த மாதிரியே ஆயிட்டேன். மூணாவதுக்கு அவ காகிதத்தைக் கவுத்து வச்சுட்டா, பார்க்காமலே ஆரம்பிச்சா. 'என்னைப் போல் பேசத் தயங்குபவர்கள்'னா. அவ்வளவுதான் சொன்னா. மேல போக நான் விடல.

சத்தமாப் பேசறேனா? சரி, மெதுவாப் பேசறேன். கையை ஏன் சார் இப்படி ஆட்டறீங்க, கொசுவா?

நான் கேட்டேன், 'கட்டாயமாத்தானே உன்னைச் சேர்த்தாங்க? மூணு மாசமாச்சே. அங்க போய் மொத்தம் எத்தனை வார்த்தை பேசினே?' அவ என்னைப் பார்த்தா. 'பதில் இல்லையா, அப்ப நான் ஜெயிச்சேன்'னு சொல்லி, கை வேற தட்டிக்கிட்டேன். என் வீட்டுக்காரி சமையலறையிலேருந்து எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிட்டா. அவ சும்மாத் திரும்பினான்னா அது நல்ல அறிகுறி இல்ல. பொண்ணு பேனா மூடியைப் போட்டா. காகிதத்தை மடிச்சா. எழுந்து போனா. அன்னையிலேருந்து இன்னைக்குப் பதினோரு நாள். என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. கோவமா கதவைச் சாத்தறது, அழறது, அதெல்லாம் இல்ல. தண்ணி கேட்டா கொண்டு வந்து வைக்கிறா. குட் நைட் சொன்னா தலையை ஆட்டறா. கோவப்பட்டா நான் பதில் சொல்லிடுவேன், அது அவளுக்குத் தெரியும். பேசலைன்னா நான் என்ன சார் பதில் சொல்றது? பதினஞ்சு வருஷத்துல என் கவுண்டருக்கு அப்படி ஒருத்தர் வந்ததில்ல.

அதனாலதான் ஸ்கூலைத் திட்டிட்டு அலையறேன். இவங்க சொல்லிக் கொடுத்த வித்தைதான் இதுன்னு. அப்படியே இருந்தாலும் பாரத்துல எழுதினது யாரு? நான். எதிர்ல போய் உக்காந்தது யாரு? அதுவும் நான்தான். என் வீட்டுக்காரி இதை ஒருதடவைதான் சொன்னா, ஆனா பருப்பு… இல்ல, ஏதோ கலக்கிட்டே சொன்னா, என் முகத்தைக்கூடப் பார்க்கல.

உள்ள என்ன ஒரு சத்தத்தையும் காணோம்? மைக் போயிடுச்சா? நாலாவது ஆள் பயந்து நிக்குது போல. பாவம். நீங்க என்ன காதைக் கதவுல வச்சுட்டீங்க? ஒண்ணும் கேக்காது சார், தேக்குக் கதவு. கேளுங்க, முக்கியமானதைச் சொல்லலையே நான்.

நேத்து ராத்திரி என் செருப்புக்கு மேல ஒரு சீட்டு. அவ கையெழுத்து. 'அப்பா நாளைக்கு வரலாம். நாலு நிமிஷம் நடுவில் பேசாமல் கேட்டால், நான் வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.' பாருங்க, சட்டைப்பையிலயே வச்சிருக்கேன். ஒப்பந்தம் மாதிரி தேதியெல்லாம் போட்டிருக்கா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. என்னை யாரும் சும்மா கேக்கச் சொன்னதில்ல சார். கேக்கறதுன்னா எனக்கு, எங்க மடக்கலாம்னு பார்த்துட்டிருக்கறது. காலையிலேருந்து பழகறேன். என் வீட்டுக்காரி எதிர்ல உக்கார வச்சு நாலு நிமிஷம் ஏதேதோ சொன்னா, வாயை மூடிட்டு இருக்கப் பார்த்தேன். ரெண்டரை நிமிஷம் வரைக்கும் வந்தேன். பொண்ணு பேசி முடிச்சதும் 'நல்லாப் பேசினே'ன்னு ரெண்டே வார்த்தை, மூணாவது வார்த்தை வாயிலேருந்து வந்தா வீட்டுக்கே வராதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கா.

அட, இது என்ன இப்படித் தட்டறாங்க. விடாம தட்டறாங்களே. யாரோ நல்லாத்தான் பேசியிருக்கணும். சரி, நாலாவது முடிஞ்சுது. வாங்க சார், என் பொண்ணு முறை. சட்டை கசங்கியிருக்கா பாருங்க. பின்வரிசையிலயே உக்காந்துடறேன், என்னைப் பார்த்தா தடுமாறுவா.

என்ன சார். ஏன் வழியை மறிக்கறீங்க?

மூணாவது பையன் வரலையா? எந்த மூணாவது? இப்ப பேசினானே… அது நாலாவதா? யார் சொன்னா? மைக்லயா. எப்ப, முதல் தடவை தட்டினாங்களே அப்பவா? அப்பவே உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார், பக்கத்துல உக்காந்துட்டு…

சொல்ல வந்தீங்க. ஆமா. அப்புறம் விரலைக்கூடக் காட்டினீங்க.

அப்ப இப்ப பேசினது…

நீங்க கதவுல காதை வச்சிருந்தீங்களே சார். ஏதாவது கேட்டுச்சா? கேட்டுச்சா. தடுமாறினாளா? இல்லையா. பார்த்துப் படிச்சாளா? கேக்கற உங்களுக்கு எப்படித் தெரியும், சரி. மூணாவது பாயிண்ட்டு சொன்னாளா, தயங்குபவர்கள்னு ஒண்ணு வரும்? சொன்னாளா. அதுக்கப்புறம்? 'என் அப்பா'ன்னு ஆரம்பிச்சாளா. என் அப்பான்னா சொன்னா? சரி, சொல்லுங்க. 'என் அப்பா'… அதுக்கு மேல?

அதுக்கு மேல ஏன் கேக்கல?

ஓ. நான் பேசிட்டிருந்தேன்.

நல்லவிதமா ஆரம்பிச்சாளா, வேற மாதிரியான்னாவது தெரியுமா? குரல் எப்படி இருந்துச்சு? தெரியலையா. இவ்வளவு நேரம் தட்டினாங்களே, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல. அப்பனைத் திட்டினாலும் தட்டுவாங்க.

'நல்லாப் பேசினே'ன்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன். ரெண்டே வார்த்தைதானே. ஆனா இல்லாததைச் சொல்றவனைக் கண்டுபிடிக்கறதுதான் என் தொழிலே, மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன். அவ என் பொண்ணு, அவளுக்கும் தெரிஞ்சுடும்.

ஆறாவதுன்னு கூப்பிடறாங்க சார், உங்க பையன்தான். போங்க, எனக்காக நிக்காதீங்க. ஹெல்மெட்டை மறந்துட்டுப் போறீங்க, இந்தாங்க. நான் உள்ள வரல. அந்தக் கதவை முழுசாச் சாத்தாம, கொஞ்சம் திறந்தே விட்டுட்டுப் போறீங்களா? உங்க பையன் பேசறதைக் கேக்கறேன்.