கசப்பு தெரிந்த நாக்கு

உப்பளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள் சமையலில் நல்ல பேர் வாங்கவே முடியாது, மேடம். என் வீட்டுக்காரர் சிங்காரம் வெறும் உப்பளத்துக்காரர்கூட இல்லை, மேஸ்திரி. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் தங்குகிற தண்ணீர் நாளாக நாளாகக் கசக்கத் தொடங்கும். அதை நேரத்தோடு வெளியேற்றாவிட்டால் உப்பும் கசந்துபோகும், வியாபாரி தொடமாட்டான். மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. இவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, “கசக்குது, மடையத் தொற” என்பார். மரக்காணத்தில் அந்த நாக்குக்குத் தனி மரியாதை. அதே நாக்கால்தான் என் குழம்பையும் காலமெல்லாம் குற்றம் சொன்னார்.

ஜெயப்பிரகாஷை ஸ்டேஷன் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை அனுப்பிவிடுங்கள். என் நாத்தனார் மகன், பூச்சியைக்கூட மிதிக்க மாட்டான். அந்தப் பருப்புப் பாக்கெட்டை ஆன்லைனில் வாங்கியது அவன்தான். மாமா பிழைக்கட்டும் என்று வாங்கினான். மாமா செத்ததற்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. கொடுத்தது நான்.

அவர் ரொம்ப வருடமாக என்னுடன் இல்லை. அனுமந்தையில் கருவாடு விற்கிற வைஜெயந்தி வீட்டில் இருந்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். போன வருடம் வாயில் ஆறாத புண் வந்தது. புற்று என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அட்டையில் மனைவி என்று இருப்பது நான். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அட்டைக்காக வந்தாரோ எனக்காக வந்தாரோ, வந்தார். வாங்க என்றேன்.

ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள். வாய் வெந்துபோய் ருசி செத்துவிட்டது. ரசமும் வெந்நீரும் அவருக்கு ஒன்றுதான். அந்தச் சமயத்தில்தான் ஜெயப்பிரகாஷ் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஆப்ரிகாட் என்று ஒரு பழமாம், குளிர்ந்த மலைநாட்டில் விளைவதாம். கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரி பருப்பு இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதில் எண்ணெய் எடுத்துத் தேய்த்துக்கொள்வார்கள், இனிப்பு ரகத்தைத் தின்பார்கள். கசப்பு ரகத்தில் விட்டமின் பி-17 இருக்கிறது, புற்று கரைந்துவிடும், டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்று கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் அடித்துச் சொன்னான். பாக்கெட் வந்ததும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். காதுவரை கசந்தது.

இவர் மருந்து என்று நம்பித் தின்றார். வாந்தி, தலைசுற்றல். மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னதும் டாக்டரம்மா ஜெயப்பிரகாஷைப் பிடித்துக்கொண்டார்.

“யாருப்பா இதக் குடுத்தது? இது விட்டமினும் கெடையாது, மருந்தும் கெடையாது. உள்ள போனா சயனைடா மாறும். கூடிப்போச்சுன்னா ஆளையே தூக்கிடும். மொதல்ல குழி தோண்டிப் பொதைங்க.”

பையன் அழுதுவிட்டான். நான் புதைக்கிறேன் என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். அரிசி டிரம்மில் புதைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது தலை சுற்றி என் தோளில் சாய்ந்தார். மரக்காணம் வரைக்கும் நிமிரவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சாய்ந்ததில்லை.

பிறகு நன்றாகத் தேறினார். புற்று இல்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஒரு எட்டு அனுமந்த போய்ட்டு வந்துடறேன். துணிமணிலாம் அங்கதான் கெடக்குது” என்றார். யாரையும் தடுப்பது என் வழக்கமில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பருப்பைப் பொடித்துக் கஞ்சியில் கலந்திருந்தேன். ருசி தெரியாத வாய்க்கு எதைக் கலந்தால் என்ன. வாசல்வரை போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு, “கையப் புடி பாஞ்சால, தல சுத்துது” என்றார். பிடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் அனுமந்தைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கஞ்சி வைத்தேன். மற்ற நாட்களில் வைக்கவில்லை. கைத்தாங்கலாக நடக்கிற அளவுக்கு மேல் ஒருநாளும் போடவில்லை. கொல்ல நினைக்கிறவள் அளவு பார்ப்பாளா? வைஜெயந்தி ஒருமுறை மீன் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். தூங்குகிறார் என்று சொல்லி, மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று எனக்கு இருந்த நிம்மதியைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

கடைசி நாள் காலையில் குளித்து, பையை எடுத்து வைத்தார்.

“இனிமே அங்கியே இருந்துக்கறேன். உப்பள மொதலாளி நாக்கு வந்தா வேலைக்கி வான்னுட்டாரு. நீ பாத்துக்கினத மறக்க மாட்டேன் பாஞ்சால.”

நர்ஸுக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னார். சமையலறைக்குப் போனேன். அன்று அளவு பார்க்கவில்லை.

ஒரு வாய் குடித்தவர் அப்படியே நிறுத்தினார். கஞ்சியை நாக்கில் வைத்து உருட்டினார், பாத்தித் தண்ணீரை உருட்டுவதுபோல. சரி, தெரிந்துவிட்டது, டம்ளர் இப்போது என் முகத்தில் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் இன்னொரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“கசக்குது பாஞ்சால.”

மறுபடியும் டம்ளரை வாயில் வைத்தார்.

“மெய்யாலுமே கசக்குது. நாக்கு வந்துடுச்சி.”

சிரித்தார், மேடம். ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டு, “டேய், மாமாவுக்கு நாக்கு வந்துடுச்சிடா, கஞ்சி கசக்குதுடா” என்றார். அவனைக் கேளுங்கள், சொல்லுவான். அவனும் சந்தோஷப்பட்டான். கஞ்சி கசக்கக் கூடாது என்று இரண்டு ஆம்பளைக்கும் தோன்றவில்லை. கசப்பைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவருக்கு, கசந்ததே போதுமாக இருந்தது.

ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

ஊற்றினேன். டிரம்மில் மிச்சமிருந்த பருப்பு எல்லாவற்றையும் பொடித்துக் கலந்துதான் ஊற்றினேன். அப்புறம் அவர் எங்கேயும் போகவில்லை, என் மடியில்தான் கிடந்தார்.

என் கையால் செய்ததை அவர் இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தது அன்றைக்குத்தான், மேடம். வாய்விட்டுக் கேட்கிற புருஷனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?