கையில் சுமந்த மூன்று மைல்

1. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார்.
2. அருகில் நின்ற, அவருடைய தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர், அந்தப் பெண்ணின் கணவருடைய பலத்தைப் புகழ்ந்து, அவருக்குக் கப் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.
3. “கப்ப நீங்களே வச்சுக்கோங்க,” என்றார் அந்தப் பெண்.

“என்னா தங்கச்சி இப்புடி சொல்ற? போன பிரசவத்துல வலியில துடிச்ச ஒன்ன ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, மேல் டிவிசன்லருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மூனு மைலு நடந்தான். எவனால முடியும்? அதான் விளையாட்டுப் போட்டியில கப் குடுக்குறோம்.”

“அன்னைக்கு தேயிலக் கொழுந்து ஏத்துற லொறியக் கேட்டோம். கொழுந்து வாடிரும்னு தோட்டத்து மேனேஜர் தொர குடுக்கல. கொழுந்து லொறியில போச்சு, நான் அவரு கையில போனேன்.”

“அதத்தான் தோட்டமே பேசுது.”

“புள்ள வழியிலயே செத்துருச்சே, அத யாராச்சும் பேசுறீங்களா?”

நின்றவர் பஸ் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“இப்பவும் எட்டு மாசம். அவருக்கு அன்னைக்கு புடிச்ச இடுப்பு இன்னும் நிமிரல. இந்தத் தடவ யாருண்ணே தூக்குவா? நீங்க தூக்குவீங்களா?”

“தொரகிட்ட பேசுவோம்.”

“எப்ப?”

“போட்டி முடியட்டும். கப்புல அவன் பேரு வெட்டியாச்சு.”

அடுத்த மாதம் பிரசவம். லொறியைப் பற்றி இன்னும் யாரும் துரையிடம் பேசவில்லை.