காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன்

எனக்குக் கேன் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும், சார். தண்ணீர் மாறினால் தொண்டை கட்டிவிடும். நீங்கள் வைத்த டம்ளரைத் தொடாததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் கண்ணப்பன். ஒரகடத்தில், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் கம்பெனியில் கெமிஸ்ட். எங்களிடம் அமிலம் கிடையாது, புகை கிடையாது. இரண்டு வெள்ளைப் பொடிகள்தான். ஒன்று கோழித் தீவனத்தில் சேர்ப்பது, இன்னொன்று வயலுக்குப் போடும் யூரியா. சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் இளகிவிடும். புத்தகத்தில் டீப் யூடெக்டிக் சால்வென்ட் என்று இருக்கும். எங்களுக்கு அது பாகு. அதன் குணமே தனி, சார். ஈயத்தைக் கரைத்துக்கொண்டால் விடவே விடாது. கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் அதையும் தன்னோடு கட்டிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சினால்தான் வம்பு. பிடி கழன்று பாகு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். ஈயம் தண்ணீரோடு போய்விடும்.

ஈயம் ஏறி இனிப் பயன்படாத பாகு டிரம் டிரம்மாகச் சேர்ந்தது. முதலாளி முனிரத்தினம், "நீ இன்னா பண்ணுவியோ தெரியாது, ஆடிட்டுக்கு முன்னால ஒண்ணுகூட கண்ல படக்கூடாது" என்றார். பிள்ளைப்பாக்கத்தில் என் அறைக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. நல்ல கோடை, உள்ளே பொட்டு ஈரமில்லை. அதில் கவிழ்த்தேன். பக்கத்தில் பெண்கள் ஹாஸ்டல். எங்கள் எல்லோருக்கும் ஒரே போர்வெல், அந்தக் கிணற்றை ஒட்டி. காய்ந்த கிணற்றில் கிடக்கும் பாகு யாரை என்ன செய்யும்? மழையை நானா வரவழைத்தேன்?

மழை வந்தது. ஹாஸ்டல் வார்டன் காந்திமதி என்னை நிறுத்தினாள். "இன்னா சார், பொண்ணுங்கோ சோறே எறங்கலன்றாங்கோ. போர் தண்ணில எதுனா கீதா?"

புதுத் தண்ணீர், பழகிவிடும் என்றேன்.

பிறகு தங்கமாரி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், போன் கம்பெனி லைனில் வேலை. "தண்ணி ஆணியச் சப்புன மாதிரி இருக்கு சார். வயித்தப் புடிச்சி இழுக்கு. நீங்க படிச்சவுக, ஒரு வார்த்த சொல்லுங்க."

"காய்ச்சிக் குடிம்மா" என்றேன். யாரும் சொல்வதுதானே. காய்ச்சினால் கிருமி சாகும். ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அது எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் பயந்திருப்பாள், பாவம். சொன்ன பேச்சைத் தட்டாத பெண். பாதியாக வற்றும்வரை காய்ச்சுவாளாம். லைனிலேயே வலிப்பு வந்து விழுந்தாள், பிழைக்கவில்லை. மற்ற பெண்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அந்தத் தண்ணீரை இனிச் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது, சார்.

கேன் போடும் நாகப்பனை விசாரித்துவிட்டீர்களா? அவன் சொன்னது சரிதான். கேன் வாங்கத் தொடங்கும்வரை நானும் அந்த போர் தண்ணீரைத்தான் குடித்தேன். தொண்டைக்கு ஒன்றும் ஆனதில்லை. முதல் டிரம்மைக் கவிழ்த்த அன்று சாயங்காலம்தான் அவனிடம் கேனுக்குச் சொன்னேன். அப்போது மழைக்கு இன்னும் நாள் இருந்தது.