ஹாரன்

தூங்கற மாதிரி இருக்காருன்னு நீ இன்னொரு தடவ சொன்னேன்னு வையி, ஓடற வண்டியில இருந்து குதிச்சிருவேன். ஆமா. ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளினவன் சொன்னான். கையெழுத்து வாங்கின நர்ஸம்மா சொன்னா. இப்ப நீ. பாவம், சிரிச்ச மொகமா தூங்கற மாதிரியே இருக்காரும்மான்னு. எம்புருஷன் மூஞ்சி எப்படி இருக்குன்னு உன்ன யாரு கேட்டா? நீ ரோட்டப் பாரு. அவரு எழுந்து எங்கயும் போயிட மாட்டாரு. ஐஸ் பெட்டியில போட்டு பெல்ட்டு மாட்டித்தான ஏத்தியிருக்கீங்க?

அழணுமா? எதுக்கு, உனக்குப் பொழுது போகவா? அழறதுக்கு வீட்டுல ஒரு கூட்டமே வந்து உக்காந்திருக்கு. நான் போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி, ஆரம்பிச்சிருவாங்க. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டுத்தான் வருவேன். புடிக்கலன்னா காதக் கழட்டி டேஷ்போர்டுல வச்சிக்க.

இந்தா, கொட்டாவி. நாம கெளம்புனதுல இருந்து இது எட்டாவது. வாயத் தொறந்தா கடவாப்பல்லு வரைக்கும் தெரியுது. சொத்தப்பல்லு ரெண்டு இருக்கு, பாத்துக்க.

சட்டையில பட்டன மாத்திப் போட்டிருக்கியே, ஏறினதுல இருந்து பாக்கறேன். ஒரு பக்கம் ஏறிக்கிட்டு, ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு. அதச் சொல்ல வீட்டுல ஆளில்லையா? ஓ, வீட்டுக்கே போகலையா. எப்பலருந்து? நேத்து காலையிலருந்தா? அடேங்கப்பா. இது எத்தனாவது டிரிப்பு? நாலாவது பொணமா? கெட்டிக்காரன்தான். அஞ்சாவது நீயாத்தான் இருப்ப. வண்டி ஓட்டத்தான் வேற ஆளு பாக்கணும்.

கோவமா? வரட்டும், வரட்டும். இப்பதான் ஸ்டியரிங்க ஒழுங்காப் புடிக்கற. இவ்வளவு நேரம் செத்தவன் கையில வெத்தல பாக்கு குடுத்த மாதிரி புடிச்சிருந்த. செத்தவரு பின்னால படுத்திருக்காரு, அவரு வேலைய நீ எதுக்குப் பாக்கற?

வாய் நீளம்தான் எனக்கு. லாரி செட்டுல போய்க் கேளு, எனக்குப் பேரே ஹாரன். எங்க வீட்டுக்காரரு இருபத்திரெண்டு வருஷம் லாரி ஓட்டினாரு. புள்ள குட்டி இல்ல, பூட்டின வீட்டுக்குள்ள தனியா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? நானும் கூடவே ஏறிருவேன். மத்த லாரிக்கெல்லாம் கிளீனர் உண்டு, எங்க லாரிக்கு நான். டயரத் தட்டத் தெரியாது, ரிவர்ஸ் சொல்லத் தெரியாது. எனக்கு ஒரே வேலைதான், அந்த மனுஷனத் தூங்க விடாம பேசிக்கிட்டே வரணும்.

ஏன் ஜன்னல எறக்கற? காத்துக்கா? காத்து வரும், தூக்கம் போவாது தம்பி. அவரு தலைய வெளிய நீட்டிக்கிட்டே தூங்கியிருக்காரு. கன்னத்துல அறைஞ்சுக்கறதெல்லாம் நாங்க பாத்தாச்சு, கன்னம்தான் வீங்கும். டீயா? இப்பக் குடிச்சா அது தலைக்கு ஏற அரை மணி நேரம் ஆவும், அதுக்குள்ள நீ ஏதாவது மரத்து மேல ஏறியிருப்ப. ஒரு நாளு பச்ச மிளகாயக் கடிச்சிக்கிட்டு ஓட்டினாரு. மிளகா வாயில இருக்கு, ஆளு தூங்கறாரு. நான் உலுக்கி எழுப்பினா, வாயெல்லாம் எரியுதேடின்னு என்னத் திட்டறாரு.

அப்பத்தான் நான் ஒண்ணக் கண்டுபுடிச்சேன். மனுஷன் பசியில தூங்குவான், வலியில தூங்குவான், பயத்துலகூடத் தூங்குவான். அவமானப்பட்டா மட்டும் தூங்க மாட்டான். உங்கம்மா உன்ன வளத்த லட்சணத்தப் பாருன்னு ஒரு வார்த்த விட்டேன்னு வையி, அறுபது கிலோமீட்டருக்குக் கண்ணு கொட்டாது அவருக்கு. உன்கூடச் சேந்தவனெல்லாம் சொந்தமா வண்டி வாங்கிட்டான்யான்னு சொன்னா அது ஒரு நூறு கிலோமீட்டரு ஓடும். எனக்குப் புள்ள இல்லாதது யாராலன்னு ஒரு தடவ கேட்டேன். அன்னிக்கு விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் டீ கூடக் குடிக்காம ஓட்டினாரு.

தப்புதான். தெரிஞ்சுதான் பேசினேன். எந்த எடத்துல தொட்டா எவ்வளவு வலிக்கும்னு இருபத்திரெண்டு வருஷத்துல அத்துப்படி எனக்கு. அவரு அக்கா, எங்க நாத்தனாரு, ஒவ்வொரு தடவ வீட்டுக்கு வரும்போதும் ஒரே பல்லவிதான். உன் வாய்தான்டி ஒரு நாளு என் தம்பியக் கொல்லப் போவுதுன்னு. இப்ப போய் இறங்கினதும் வாசல்லயே நிப்பா, பாரு.

உனக்குக் கல்யாணம் ஆச்சா? ஆச்சா! எவன்டா குடுத்தான் பொண்ணு? குழந்த? ஒண்ணரை வயசுல பொண்ணா. அவளுக்கு அப்பான்னா யாருன்னு தெரியுமா, இல்ல போட்டோவக் காட்டி சொல்லிக் குடுத்திருக்காங்களா? நீ வீட்டுக்குள்ள நொழஞ்சா யாரோ வந்துட்டான்னு அம்மா முந்தானைக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குமே, அந்த மாதிரிக் குழந்தைங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். கவலப்படாத. நீ போயிட்டா உன் பொண்டாட்டியும் இதே மாதிரி ஒரு வண்டியில முன் சீட்டுல உக்காந்து வருவா. புள்ள மடியில இருக்கும். வண்டி ஓட்டறவன் திரும்பிப் பாத்து, சிரிச்ச மொகமா தூங்கற மாதிரி இருக்காரும்மான்னு சொல்லுவான்.

மொறைக்காத. ரோட்டப் பாத்து மொறை.

உன் போனு அடிக்குது. யாரு, மேனேஜரா? எடுக்காத, நான் சொல்றேன், எடுக்காத. ஆறு மணிக்கு இன்னொரு எடத்துல பாடி எடுக்கணுமா? செத்தவங்களுக்கு என்ன அவசரம், அவங்க எங்கயும் போவ மாட்டாங்க. அவசரமெல்லாம் உங்க மேனேஜருக்குத்தான். தூங்கறவன் தொடையில கயிறு திரிச்ச மட்டும் லாபம்னு சும்மாவா சொன்னாங்க. அவரு மத்தியானம் சாப்ட்டு ஏசி ரூம்ல காலை நீட்டியிருப்பாரு. நீ பொணத்தோட போட்டி போட்டு ஓட்டிக்கிட்டிரு.

ராத்திரியிலதான் தூக்கம் வரும்னு நெனச்சிக்கிட்டிருக்கியா? அப்படித்தான் எல்லாரும் ஏமாறுவாங்க. ராத்திரின்னா பயத்துல முழிச்சிருப்பான். இந்த மத்தியானம் ரெண்டு மூணு மணி இருக்கே, வெயிலு பளிச்சுன்னு அடிக்கும், ரோடு நேரா கெடக்கும், வயிறு நெறஞ்சிருக்கும், இதுதான் ஆளத் தூக்கற நேரம். நேத்தும் மணி ரெண்டரைதான்.

தம்பி, இப்ப ஒரு பாலம் தாண்டினோமே, கீழ தண்ணி ஓடுச்சா?

ஓடுச்சா? கொஞ்சமா ஓடுச்சா? சரி, பாலத்து மேல ஒரு கெழவன் ஆடு ஓட்டிக்கிட்டுப் போனானே, எத்தன ஆடு? நாலஞ்சு இருக்குமா. சரி.

பாலமே வரலடா. ஆடும் இல்ல, கெழவனும் இல்ல. கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டே தூங்கற நீ. போன பத்து கிலோமீட்டர் எப்படி வந்தன்னு உனக்கே தெரியாது. இப்பக்கூட வெள்ளக் கோட்டுல டயரு ஏறி இறங்குச்சு, கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு.

நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து. மாட்டியா? சரி, எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. நெசமாத்தான், காலையில ஒடிஞ்ச கைக்கு நாலஞ்சு ஊசி போட்டிருக்காங்க. உன் கியர் ராடு மேலயே எடுத்துருவேன். மேனேஜருகிட்ட யாரு கழுவினதுன்னு நீயே சொல்லிக்க. அதோ பெட்ரோல் பங்கு, அந்த மரத்தடியில போடு. ஆங், அப்படி. ஹேண்ட் பிரேக்கப் போடு. பின்னால தண்ணி பாட்டிலு இருக்கும், போய் எடுத்துட்டு வா.

குடு. நல்லா ஜில்லுன்னு இருக்கு. வாந்தியா? வாந்தியெல்லாம் இல்ல. சாவியத் தேடாத, என் ஜாக்கெட்டுக்குள்ள இருக்கு. ஒடிஞ்சது ஒரு கைதான், இன்னொரு கை நல்லாத்தான் வேலை செய்யுது. முடிஞ்சா எடுத்துக்க. முடியாதுல்ல? அப்ப ஏறி உக்காரு. சீட்டச் சாய்ச்சுக்க. இருபது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. நான் எழுப்பறேன். லாரியில எத்தன தடவ எழுப்பியிருக்கேன்.

ஏன் திடீர்னு நல்லாப் பேசறேனா? வண்டி நிக்குதுல்ல. நிக்கற வண்டியில அன்பாப் பேசலாம், தப்பில்ல. உன் பொண்ணச் சொன்னத மனசுல வச்சுக்காத. குழந்தைங்களுக்கு அப்பன் வாசன தெரியும், போட்டோ வேணாம். செருப்பக் கழட்டு. இப்படி வை கால.

நேத்தா? நேத்து என்ன ஆச்சுன்னு கேக்கற. கேளு, கண்ண மூடிக்கிட்டே கேளு. லோடு என்ன தெரியுமா? மெத்த. பெரிய ஓட்டலு ஒண்ணுக்குப் புது மெத்த. ரெண்டு நாளா மெத்தையச் சுமந்துக்கிட்டு, ரெண்டு நாளா படுக்கல. காலையில ஏறினதுமே நான் ஆரம்பிச்சேன். உன் அக்கா மூஞ்சியும் நீயும்னு. அவரு கோவப்படல. என்னத் திரும்பிப் பாத்து, இன்னிக்கு ஒரு நாளு திட்டாம வாயேன் புள்ளன்னாரு. இருபத்திரெண்டு வருஷமா உன் வாயில இருந்து நல்ல வார்த்த ஒண்ணு கேக்கணும்னு ஆசையா இருக்குன்னாரு.

எப்படிடா முடியாதுன்னு சொல்றது? நீ சொல்லு.

சரின்னு பேசினேன். மொத மொதல்ல என்னப் பாக்க வந்தப்ப எவன் சட்டையோ போட்டிருந்தியே, தோளு ரெண்டும் தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னேன். ஆனா உன் காது புடிச்சிருந்துச்சுய்யா எனக்கு, அதப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன்னு சொன்னேன். சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு. காதப் போய்த் தடவிப் பாத்துக்கறாரு, கண்ணாடியில. ஐம்பது வயசு ஆளு. சாப்ட்டோம். திரும்பக் கெளம்பினோம். நான் அவரு தோள்ல சாஞ்சிக்கிட்டுப் பேசிக்கிட்டே வந்தேன்.

தம்பி? தூங்கிட்டியா?

தூங்கிட்டான். அஞ்சு நிமிஷம் ஆவல.

தூங்கு. இத நீ கேக்காததே நல்லது. போலீஸ்ல நான் எழுதிக் குடுத்தது வேற. கடைசி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தேன், அவருதான் தூங்கிட்டாருன்னு எழுதிக் குடுத்தேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? எத்தன நாளா நீயும்தான் தூங்கல, கொஞ்ச நேரம் கண்ண மூடு புள்ள, நான் பாத்துக்கறேன்னாரு. எனக்கு அப்படி யாரும் சொன்னதே இல்ல. மூடினேன். அவரு தூங்கினத நான் பாக்கல. மொதல்ல தூங்கினது நான்.

முழிச்சா லாரி கவுந்து கெடக்கு, வயலெல்லாம் மெத்த. அந்த ஊருக்காரங்க அவர அதுல ஒண்ணு மேலதான் கெடத்தியிருந்தாங்க, பிளாஸ்டிக்கு கூடப் பிரிக்காத புது மெத்த. மொகம் அப்படியே இருந்துச்சு, அந்தச் சிரிப்போட. நாத்தனாரு கேப்பா. உன் வாய்தான கொன்னுச்சுன்னு கேப்பா. வாய மூடினதாலன்னு எப்படிச் சொல்லுவேன் அவகிட்ட?

இந்தா, மறுபடியும் அடிக்குது போனு. இவன் எழுந்துக்கப் போறான். இரு.

அலோ. இல்ல, டிரைவரு இல்ல. நான் பின்னால இருக்கறவரு சம்சாரம். ஆமா, வண்டி நிக்குது. கத்தாதீங்க சார், ரெண்டு பேரும் தூங்கறாங்க. ஒருத்தர இருபது நிமிஷத்துல எழுப்பிருவேன்.