மூணு 'தெரியாது'

ஹலோ... ஆங், சொல்லுடா தம்பி... இல்ல, இன்னும் வரலை. ஆக்ஸிஜன் மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுடுச்சு... ஆமா, ஆமா, அப்பா முழிச்சுட்டுதான் இருக்காரு. மூச்சு வாங்குது. புது சிலிண்டர் கிளம்பிடுச்சுன்னு நீதானே சொன்னே?... அரை மணி நேரத்துக்கு முன்னாடியேவா? அப்ப அந்தக் கம்பெனிக்காரன் எங்க போய்த் தொலைஞ்சான்?

இரு, இங்க வேற ஒரு கூத்து. மாடிப்படியில ஒருத்தன், ஒவ்வொரு கதவா நம்பர் பார்த்துட்டிருந்தான். கன்னங்கரேல்னு, சுருட்டை முடி, நம்ம பக்கத்து ஆளே இல்ல. நம்ம பெல்லைக் கூட அடிச்சான். நானா திறப்பேன்? கதவு ஓட்டை வழியா போட்டோ எடுத்து பில்டிங் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன்... அதான்டா, மூணு வீட்டுக்காரங்க 'தெரியாது'ன்னு போட்டா வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிடணும். நான் கொண்டுவந்த ரூல்தான்! ஒரே நிமிஷத்துல பதினேழு 'தெரியாது'.

...என்னது, இனவெறியா? எனக்கா? போடா! வெறுத்தாத்தான்டா இனவெறி. நான் யாரையும் வெறுக்கல. இது சும்மா ஒரு சந்தேகம், எல்லாருக்கும் வர்றதுதான்... ஆமா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கும் பழமொழி தெரியும்... யாரு, போன வாரம் செவப்பா, டை கட்டிட்டு வந்தானே, அவனா? தண்ணி கொடுத்தேன்தான்... ம்... இல்ல, அவனும் யாருன்னு தெரியாது... சரி, சரி, போட்டோ எடுக்கல. அதுக்கு?... மனசுக்குள்ள இருந்தா சந்தேகம், பதினேழு வீடு சேர்ந்து கேட்டைப் பூட்டினா அதுக்குப் பேரு வேறயா? நல்லாப் பேசறே. அப்பாவை வெச்சுக்கிட்டுத் தனியா இருந்து பாரு, அப்பத் தெரியும்.

...தோள்லயா? ஏதோ வெச்சிருந்தான். நீளமா, துணி சுத்தி... இரும்பு போலத்தான் இருந்துச்சு. அதைப் பார்த்துதான் போட்டோவே எடுத்தேன்...

என்னது... சிலிண்டரா?

...

இல்லடா. இல்ல. கம்பெனிக்காரன்னா யூனிபார்ம் போட்டுட்டு வருவான்... வரமாட்டாங்களா?... ஐயோ. பெல் அடிச்சானே. நான் இந்தப் பக்கம் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னேனே...

இரு, வாட்ச்மேனுக்கு இன்டர்காம் போடறேன்... எடுக்கல. குரூப்பையும் எவனும் பார்க்கல, எல்லாரும் கீழ போயிட்டாங்க. இரு, ஜன்னலைத் திறக்கறேன்... அம்மாடி, எத்தனை பேரு! ரெண்டாவது மாடி ஜிம் மாஸ்டர் கையில கம்பிடா... அந்த மனுஷன் சிலிண்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. விட மாட்டேங்கறாரு, அதுக்குத்தான் அடிக்கறாங்க... விடுங்க! அவரை விடுங்க! நம்ம ஆளு அவரு!... யாரும் திரும்பலடா. இங்க இருந்து கத்தினா எவனுக்குக் கேட்கும்? அப்பாவை விட்டுட்டு எப்படி இறங்குவேன்?

பேரு, அவரு பேரு என்னடா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நிறுத்துவாங்க, தெரிஞ்சவருன்னு நம்புவாங்க. சீக்கிரம் சொல்லு... ரெண்டு நாளா நீதானே அவருக்குப் போன் பண்றே, போன்ல என்னன்னு போட்டு வெச்சிருக்கே?... 'சிலிண்டர்'னா?

உனக்கும் தெரியாதா?

...அப்பா? இருங்கப்பா, இதோ... அப்பா, கண்ணைத் திறங்க... ஹலோ? டேய்... ஹலோ...