ஒரு கோடியே எழுபது லட்சம் முறை நலம்

அவைத் தலைமையை அழகுசெய்யும் தாய்ப்பால் வங்கியின் தலைமைச் செவிலியர் அவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோரே, மடியில் மழலையும் பையில் மாற்றுத்துணியுமாய் வந்திருக்கும் தாய்மாரே, ஒரே சர்வரில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் நாற்பது இணையதளங்களின் உரிமையாளர்களே, உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் நிற்கிறேன்.

நாற்பது தளங்களையும் பராமரிப்பவள் நான்; அவற்றுக்குக் கிடங்கு ஒன்றுதான். முன்பதிவும் முகவரியும், பாராட்டும் புகாரும் போய்ச் சேரும் அந்தத் தரவுத்தளத்துக்கு, சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம் விதித்த எல்லை இரண்டு ஜிபி. நிறைந்தால் என்ன ஆகும்? தளம் திறக்கும், பார்க்கலாம், படிக்கலாம். புதிதாக ஓர் எழுத்தும் எழுத முடியாது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு அதுதான் நடந்தது.

இங்கே தலைமை வகிக்கும் செவிலியர்தான் என்னை அழைத்தார். "ஏம்மா, பரிசோதனை முடிஞ்ச பால் ரெடியா இருக்கு. பதிவு ஏற மாட்டேங்குது, புட்டிக்கு நம்பர் வரல. நம்பர் இல்லாம நான் வெளிய அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தை காத்திருக்கு. ஒரு மணிக்குள்ள வேணும்."

நிறைத்தது யார்? நம் வாட்ஸப் குழுவில் அதற்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. "கேக் அக்காதான். தினம் முப்பது போட்டோ போடறாங்க," என்றார் டியூஷன் ஆசிரியர். வீட்டில் கேக் செய்து விற்கும் அந்த அக்கா விடுவாரா? "என் போட்டோ எல்லாம் வேற இடத்துல இருக்கு தம்பி. நீங்க போட்ட கேள்வித்தாள முதல்ல எண்ணுங்க."

பின்வரிசையில் சிரிப்பது யார்? அக்கா, நீங்களா? சிரியுங்கள். இன்று அந்த உரிமை உங்களுக்குத்தான்.

இடுப்பில் பிள்ளையோடு, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் அட்டவணைகளின் பட்டியலைத் திறந்தேன். முதலிடத்தில் கேக்கா? இல்லை. கேள்வித்தாளா? இல்லை. அங்கே இருந்தவள் நான்.

உறங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காத தாய் இந்த அரங்கில் உண்டா? அந்த விரலை நான் நாற்பது தளங்களின் மூக்கிலும் வைத்தேன். ஒவ்வொரு தளமும் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, விடையைப் பொதுத் தரவுத்தளத்திலேயே எழுதும் சிறு நிரல். பத்து மாதமாய் எழுதியது. பழையதை அழிக்கச் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதும் பொய், மனம் வரவில்லை. ஒரு கோடியே எழுபது லட்சம் வரிகள். அத்தனையிலும் ஒரே சொல்: நலம், நலம், நலம். நலம் நலம் என்று எழுதியே நாற்பது பேரையும் மூச்சுத் திணறவைத்தேன்.

ஒன்பது மாத வரிகளை அழித்தேன். அளவு அசையவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியது. வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒருவர் நிதானமாகச் சொன்னார்:

"மேடம், நீங்க துணிய எடுத்துட்டீங்க, பீரோ அங்கயேதான் நிக்குது. நாங்க பீரோவத்தான் அளக்குறோம். அட்டவணைய மொத்தமா காலி பண்ணுங்க."

"மொத்தமாவா? கடைசி மாசத்த மட்டுமாச்சும் வெச்சுக்கட்டுமா? ஏதாவது ஆச்சுன்னா பாக்க வேணாமா?"

"ஆயிடுச்சு, மேடம்."

காலி செய்தேன். பன்னிரண்டு நாற்பதுக்குப் புட்டிக்கு எண் விழுந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பால் போய்ச் சேர்ந்தது.

பெரியோரே, கவலைப்படுவது தவறா? இல்லை. ஆனால் என் கவலைக்கும் ஓர் அளவு வேண்டாமா? அடுத்தவர் பிள்ளையின் பசிக்கு உரிய இடத்தை என் அச்சம் அடைத்துக்கொள்ளலாமா? ஆகவே மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பங்கு. முக்கால் பங்கு நிறைந்ததும் உரியவருக்கு எச்சரிக்கை. கண்காணிப்புப் பதிவு எதுவானாலும், என்னுடையதே ஆனாலும், ஏழே நாள் ஆயுள்.

தயவுசெய்து கைதட்டாதீர்கள். அந்தக் குறைமாதக் குழந்தை இன்று இரண்டரை கிலோ எடையோடு, மூன்றாம் வரிசையில், அம்மா தோளில் தூங்குகிறது. ஒப்புதல் உள்ளவர்கள் கையை உயர்த்தினால் போதும்.

எண்ணிவிட்டேன். எல்லோரும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, கேக் அக்காவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். சத்தமில்லாமல் ஒரு வணக்கம்.